பை எண் நாற்பத்தொன்று

கட்டைவிரல் அளவு கொழுப்பு போதும்.
பின்தொடையில் வெட்டியது, தோல் ஒட்டியபடி.
கூடவே ஒரு சின்னப் பல், வயதெண்ண.
பாஃபின் தீவின் ஊர்களிலிருந்து
வேட்டைக்காரர்கள் பையில் கட்டி
தேதியும் இடமும் கிறுக்கி அனுப்புவார்கள்.
இக்காலுயித் அலுவலகத்தில்
உறைபெட்டிச் சாவி என் இடுப்பில்.

பதினோரு வருடமாக ஒரே கேள்விதான் எனக்கு.
என்ன சாப்பிட்டாய்?

துடுக்காய்ப் பேசுகிறவனை
உடம்பெல்லாம் கொழுப்பு என்று திட்டுகிறோம்.
எனக்குத் தெரிந்த கொழுப்பு அடக்கமானது.
தின்ற சீலின் எண்ணெயைக்
கலைக்காமல் அடுக்கி வைத்திருக்கும்.
ஹாலிஃபாக்ஸில் டுஷான் அதை உருக்கி
இயந்திரத்துக்குள் விடுவான்.
கோடுகள் எழும்பும், மலைத்தொடர் போல.

வளையச் சீல்தான் சோறு.
எந்த ஊர்ப் பையானாலும் அது இருக்கும்.
குழம்பும் கறியும்தான் ஊருக்கு ஊர் வேறு.
டேவிஸ் நீரிணைக் கரடிக்கு ஹார்ப் சீல்,
கூட்டம் கூட்டமாய்,
கல்யாணப் பந்தி மாதிரி.
வடக்கே போனால் பெலுகா,
பனி மூடிய நீரில்
மூச்சுக்கு ஒரே துளையில் சிக்கிக்கொண்டவை.
ஃபாக்ஸ் படுகையில் வில்தலைத் திமிங்கிலம்:
கொன்றது ஓர்க்கா,
கரையில் நின்று மிச்சத்தைத் தின்றது கரடி.
தாடிச் சீலைப் புரட்டக் கிழட்டு ஆணின் தோள் வேண்டும்.
குட்டியோடு திரியும் தாய்
அந்தப் பக்கம் பார்ப்பதுகூட இல்லை.

ஒருமுறை மயிர் வந்தது, நான்கே இழை.
தொண்ணூறு வருடத்துக்கு முன்
ரோமக் கிடங்கு மேலாளர் ஒருவர்
கட்டிலருகே விரித்திருந்த தோலிலிருந்து.
அவருடைய செருப்பு தேய்த்த இடம் வழுக்கை.
அந்தக் கரடி
சீல், சீல், மறுபடியும் சீல் என்றது.
அதன் காலத்தில் ஜூலையிலும் கடல் கெட்டியாய் இருந்தது.

பை நாற்பத்தொன்று கிங்காயித்திலிருந்து.
அனுப்பியவன் லோவாஸி.
முட்டை பொறுக்கப் போன தீவில்,
கூடாரத்துக்கு ஆறடியில்,
வேறு வழியில்லாமல் சுட்டது.
கொழுப்பு சிகரெட் தாள் கனம்.
டுஷானின் பதில் ஒரே வரி:
வளையச் சீல், வழக்கம்போல்.

லோவாஸிக்குப் போன் போட்டேன்.
சிரித்தான், பிறகு சிரிக்கவில்லை.
"முகவாயெல்லாம் மஞ்சள்.
எனக்கு முன்னாலேயே வந்துவிட்டது.
ஐடர் வாத்துக் கூடு ஒன்று மிச்சமில்லை.
வயிற்றைக் கிழித்தேன்:
ஓடு, கடற்பாசி, புல், ஒரு முழம் நைலான் கயிறு."

புலி பசித்தாலும் புல்லைத் தின்னாதாம்.
சொன்னவர் புலியைப் பார்த்திருக்கலாம்,
பசியைப் பார்த்திருப்பாரா?

டுஷான் பொய் சொல்லவில்லை. கொழுப்பும் சொல்லவில்லை.
ஏப்ரலில் பனி இருந்தபோது தின்றதை
அது நினைவில் வைத்திருந்தது.
ஜூலையில் தின்றது
கொழுப்பாகும் அளவுக்கு உணவே இல்லை.
பன்னிரண்டு கூடு நக்கியும்
உடம்பில் ஒரு வரி எழுதவில்லை.

அன்றிரவு என் இடுப்புச் சதையைக் கிள்ளிப் பார்த்தேன்.
இதை ஒரு பையில் கட்டி அனுப்பினால்?
அப்பாவின் கொழுப்பு வால்ரஸ் என்றிருக்கும்.
என்னுடையது
விமானத்தில் வந்த கோழி, பிஸ்கட்,
சனிக்கிழமை மட்டும் கொஞ்சம் சார் மீன்.
இயந்திரம் குழம்பும்,
எந்தக் கடலோரத்துப் பெண் இவள் என்று.

படிவத்தில் கடைசிக் கட்டம் "மற்றவை".
விரல் நுழையாத அகலம்.
பென்சிலைச் சீவி எழுதத் தொடங்கினேன்:
முட்டை, பாசி, புல்
கயிறு என்பதற்கு இடமில்லை.
ஓரத்தில் எழுதினேன்,
தாளைத் திருப்பிப் பிடித்து.

வியாழக்கிழமை விமானத்துக்குப் பெட்டி கட்டும்போது
லோவாஸி மறுபடியும் கூப்பிட்டான்.
தீவில் இன்னொன்று நிற்கிறதாம்,
காலிக் கூடுகளை ஒவ்வொன்றாய்
முகர்ந்துகொண்டு.